வடக்கு வாசல்காரன்

"அவர் வந்துட்டாருடி, இனிமே கவலையில்ல" என்று கூடத்தில் மனைவி தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்ததும், சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பூட்டுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

வந்தவன், போனில் அவள் ஆடும் கோட்டை விளையாட்டின் கூட்டாளி. கோட்டைக்கு இரண்டு வாசல். தெற்கு அவள் பொறுப்பு. வடக்கை ஊர் பேர் தெரியாத எவனோ ஒரு தடியன் காக்கிறான். கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் 'அவர்' என்றால் பூட்டுக்காரர் ஒருவர்தான். இப்போது அதிலும் பங்கு.

"யாரு அவன்?"

"உங்களுக்கெதுக்கு? ஆட வாங்கன்னு கூப்பிட்டப்ப, எனக்கு வேற வேலையில்லையான்னு கேட்டீங்கல்ல."

மறுநாள் அவள் சார்ஜரைக் கடைக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், அவர் வேண்டாமென்று தூக்கிப்போட்ட பழைய போனின் சார்ஜரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு மட்டும் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு இடம் மாறியிருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனிப் பொறுப்பதில்லை என்று தானே விளையாட்டில் இறங்கி, எதிரிப்படையில் சேர்ந்தார். சாவி வெட்ட வந்தவர் காத்து நிற்க, மேஜைக்கடியில் போனை வைத்துத் தெற்கு வாசலை முற்றுகையிட்டார். வடக்கிலிருந்து படை வந்து அவரை அடித்து விரட்டியது.

"எவனோ வீணாப்போனவன் வந்து வாசலை இடிச்சான்ங்க. நல்லவேளை, அவர் இருந்தார்" என்றாள் மனைவி, சாப்பாடு போட்டபடி.

வீணாய்ப்போனவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் நேராக வடக்கு வாசலுக்கே போனார். தொழில் தெரிந்த மனுஷன்; கதவை விட்டுவிட்டுக் கீலைக் குறிவைத்தார். கதவு சாய்ந்தது, ஆள் காலி. அந்தச் சந்தோஷத்தில், ஒரு சாவி கேட்டவருக்கு இரண்டாக வெட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மனைவி கண் வீங்கிப் படுத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"அவர் போயிட்டாருங்க."

கட்டின புருஷனிடமே சொல்கிறாள். அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படி அழுததில்லை. பொறாமை தாங்காமல் மச்சினியிடம் போனார். இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

"உண்மையைச் சொல்லு. அவனைத் தீர்த்துக்கட்டினதே நான்தான். யாரு அவன்? எத்தனை நாளாப் பழக்கம்?"

மச்சினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது உங்க பேர்ல அக்கா சேர்த்த ஆளு மாமா. நீங்க என்னைக்காவது ஆட வருவீங்கன்னு, உங்க பழைய போன்லயும் சேர்த்து அவளே ஆடி, அந்த வாசலை உங்களுக்காகக் காப்பாத்தி வச்சிருந்தா."