காரில்லாத ரோட்டில் நமசிவாயம்

பிரான்சுக்குப் போவது, போனால் சைக்கிளில் போவது, சைக்கிளில் போனால் தனியே போவது என்று நமசிவாயம் ஒரே காலையில் மூன்று முடிவுகளை எடுத்தார். முதல் முடிவு அவருடையதல்ல. மனைவி சுபோதினியின் தம்பி கஜேந்திரன் பாரிஸில் மகளுக்குக் கல்யாணம் வைத்து, இருவருக்கும் விசா எடுத்துக் கொடுத்திருந்தான். இரண்டாவது முடிவு ஃபோனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. மூன்றாவதுதான் முழுக்க முழுக்க அவருடைய சொந்தத் தயாரிப்பு.

அந்த வீடியோவில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வைன் செய்கிற திராட்சைத் தோட்டம். நடுவே ஓர் ஒல்லியான ரோட்டு. முந்தி ரயில் ஓடிய பாதையாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, கார் வரக்கூடாது, சைக்கிள் மட்டும் என்று போர்டு போட்டுவிட்டார்கள். நமசிவாயத்தின் வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரர், நரைத்த தாடியோடு, ஆறுதலாக உழக்கிக்கொண்டு போனார். நமசிவாயம் ஃபோனின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கூட்டினார். எங்கோ ஒரு குருவி. அவ்வளவுதான்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மனுசன். ஒரு பக்கம் பஸ். மறு பக்கம் ரயில். இரண்டும் ஓய்ந்தால் கீழ்மாடியில் வயலின் வகுப்பு. அதுவும் ஓய்ந்தால் சுபோதினி. அவள் குசினியில் தொடங்கும் கதையை ஹோலில் தொடர்ந்து, குளியலறைக் கதவைச் சாத்திய பிறகும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் முடித்து வைப்பாள்.

கல்யாணம் முடிந்தபின் ஒரு கிழமை மிச்சமிருந்தது. அதில்தான் ஆபத்து. பாரிஸில் சுபோதினியின் சொந்தக்காரர் பதினொரு வீடு. கொழும்பிலிருந்து போனவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேரமாவது கை நனைத்தே ஆகவேண்டும். ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டுக்காரர் சாகும்வரை மறக்கமாட்டார். அவர் செத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பதினொரு வீட்டிலும் ஒரே புட்டு, ஒரே ஆட்டிறைச்சிக் கறி, “கொழும்பிலை இப்ப சாமான் விலையெல்லாம் எப்பிடி?” என்று ஒரே கேள்வி.

ஆகவே திட்டம் இதுதான். சுபோதினியையும் சைக்கிளுக்குக் கூப்பிடுவது. அவள் மாட்டேன் என்பாள். கூப்பிடு தூரத்திலுள்ள மார்க்கெட்டுக்கே த்ரீவீலர் பிடிப்பவள் வேறென்ன சொல்வாள்? அவள் விருந்துக்கு, அவர் ரோட்டுக்கு. கூப்பிடாமல் போனால் குற்றம். கூப்பிட்டு அவள் மறுத்தால் அவர் அப்பாவி.

“சுபோ, டொக்டர் என்னைச் சைக்கிள் உழக்கச் சொன்னவர்.”

“எந்த டொக்டர்?”

“உந்த... முழங்கால் டொக்டர்.”

“முழங்கால் நோவுக்கோ சைக்கிள்?”

“வெளிநாட்டிலையெல்லாம் இப்ப உதுதானாம் வைத்தியம். கல்யாணம் முடிய அங்கை ஒரு கிழமை உழக்குவம் எண்டு யோசிக்கிறன். வைன் செய்யிற பக்கம்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுபோதினியின் கை நின்றது. “முழங்காலுக்கு வைனோ?”

“சீச்சீ! தோட்டத்துக்குள்ளாலை ரோட்டுப் போகுது, அவ்வளவுதான். நீரும் வாருமன்.”

“நானோ? இந்த வயசிலையோ?”

“கஷ்டம்தான். பெரிய ஏற்றமெல்லாம் இருக்காம். வெயில் கொளுத்துமாம். பாம்பும் இருக்காம். ஆனா நீர் கட்டாயம் வரோணும். நீர் இல்லாமல் எனக்கென்ன சந்தோசம்?”

சுபோதினி அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கள் முதலிலை வடிவாப் பழகுங்கோ. பிறகு பாப்பம்.”

நமசிவாயத்துக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் தாம் ‘பிறகு பாப்பம்’ என்று சொன்ன எதையும் பிறகு பார்த்ததில்லை. அவளும் அப்படித்தானே?

அன்று பின்னேரம் கடற்கரையில் நடக்கும்போது மனம் கொஞ்சம் உறுத்தியது. அவர் எதையும் யோசித்து யோசித்து வருந்துகிற ஆள். நான் கெட்டவனா? கட்டிய மனைவியைப் பதினொரு புட்டுக்கு நடுவே தள்ளிவிட்டு ஓடுகிற மனிதன் என்ன மனிதன்? பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டா போகிறேன்? அவளுடைய சொந்தக்காரர்தானே? அவளுக்குப் புட்டுப் பிடிக்கும்தானே? கடைசிக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் மருதானைக்குப் போனார். சைக்கிள் திருத்துகிற தாஸிம் நானா அவரைப் பார்த்தார், சைக்கிள்களைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

“சேருக்கு ஓட்டத் தெரியும்தானே?”

“சின்ன வயசிலை கொட்டாஞ்சேனையிலை ஓடினனான்.”

“அது எப்ப சேர்?”

நமசிவாயம் காலத்தைச் சொல்லவில்லை. காலைத் தூக்கிக் காட்டினார். அது பாரைத் தாண்டவில்லை.

“லேடீஸ் சைக்கிளே எடுங்க சேர்,” என்றார் தாஸிம் நானா அன்போடு. “பார் இல்ல. விழுறதுக்கும் லேசு.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கடற்கரை வீதியில் வாகனம் குறைவு. சைக்கிள் ஓடியவனுக்கு அது ஒருநாளும் மறக்காது என்று உலகமே சொல்கிறது. நமசிவாயமும் மறக்கவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது, சைக்கிளுக்குத்தான் அவரை நினைவில்லை. ஏறினார். உழக்கினார். சைக்கிள் நேரே போகாமல், இளநீர் விற்கும் வண்டியைக் கண்டதும் நெடுநாள் சிநேகிதனைக் கண்டதுபோல் அந்தப் பக்கம் திரும்பியது. “அங்கிள், பிரேக்! பிரேக்!” என்று இளநீர்க்காரர் கத்தினார். பிரேக் எது, பெல் எது என்று நமசிவாயம் முடிவெடுப்பதற்குள் செவ்விளநீர்க் குலையொன்று அவர் மடியில் இருந்தது, அவர் நடைபாதையில் இருந்தார்.

“அடிபட்டதோ?”

தலைக்கு மேலே சுபோதினி. நடக்கப் போவதற்கென்று வைத்திருக்கும் பஞ்சாபி உடுப்பும் சப்பாத்தும் போட்டிருந்தாள்.

“இல்லை, இல்லை. பிரேக் பிடிக்குதோ எண்டு பாத்தனான்.”

“தாங்கோ பாப்பம்.”

“என்னத்தை?”

“சைக்கிளை.”

“சுபோ, விளையாடாதையும்! விழுந்தீரெண்டால்...”

அவள் சைக்கிளை நிமிர்த்தினாள். வளைந்த ஹாண்டிலை முன்சில்லைக் காலுக்குள் இடுக்கி ஒரு திருகில் நேராக்கினாள். ஷோலைக் குறுக்கே கட்டினாள். ஒரு உன்னு. ஏறிவிட்டாள். நமசிவாயம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் வெகுதூரம் போய், வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு கை ஹாண்டிலில். மற்றக் கையில் ஃபோன்.

“ஓம் கஜன், கதை கதை,” என்று பாரிஸ் தம்பியிடம் சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து போனாள். “உன்ரை அத்தான் றோட்டிலை இருக்கிறார். ஒண்டும் இல்லை, இருக்கிறார் அவ்வளவுதான்.”

இளநீர்க்காரர் கை தட்டினார்.

மூன்றாம் சுற்றில் அவர் பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. முகம் மட்டும் பதினாறு வயதுக்காரியின் முகமாகச் சிவந்திருந்தது.

“எங்கை பழகினனீர்?” என்று கேட்டார் நமசிவாயம், இருந்த இடத்திலிருந்தே.

“எங்கை பழகிறது? யாழ்ப்பாணத்திலை பிறந்தனான். சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லை, கார் இல்லை, பஸ் இல்லை. எல்லாம் சைக்கிள்தான். கொண்டாவிலிலை இருந்து உரும்பிராய்க்கு ரியூசனுக்குப் போறனாங்கள். ரெண்டு பக்கமும் முந்திரிகைப்பழத் தோட்டம். நீங்கள் சொல்லுற அதே திராட்சைதான். றோட்டிலை ஒரு காரும் இருக்காது. இடைக்கிடை மேலாலை ஹெலிகொப்டர் மட்டும் வரும். பள்ளத்துக்குள்ளை படுத்துப்போட்டு எழும்பி உழக்குவம்.” அவள் சிரித்தாள். “தொண்ணூத்தைஞ்சிலை இடம்பெயரேக்கை அப்பாவைப் பின்னுக்கும் தையல் மிசினை முன்னுக்கும் வைச்சுச் சாவகச்சேரி வரைக்கும் போனனான். நீங்கள் உந்த இளநீர் வண்டி வரைக்கும்தான் போயிருக்கிறியள்.”

“எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே!”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.”

நமசிவாயம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். புட்டு பிடிக்குமா என்றுகூடக் கேட்டதில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து அவள் கதைத்தது எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டிருக்கிறாரே தவிர, ஒரு கேள்வி கேட்டிருக்கிறாரா? மெல்லக் கேட்டார்.

“சுபோ, உமக்குப் புட்டு விருப்பமோ?”

“பதினொரு வீட்டுப் புட்டோ? ஐயோ!” அவள் காதைப் பொத்திக்கொண்டாள். “எப்பிடித் தப்பலாம் எண்டு விசா வந்த நாளிலை இருந்து யோசிச்சுக்கொண்டிருந்தனான். நல்ல வேளையா எங்களை டொக்டர் காப்பாத்தினார்.”

“எந்த டொக்டர்?”

“முழங்கால் டொக்டர். நீங்கள் சொன்ன அண்டைக்கே எல்லா வீட்டுக்கும் ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டன். ‘இவருக்கு முழங்கால் சரியில்லை, சைக்கிள் உழக்கட்டாம், ஆளைத் தனிய விடேலாது, நானும் கூடப் போகோணும், குறை நினையாதேங்கோ’ எண்டு. ஒருத்தரும் குறை நினைக்கேல்லை. அங்கை இருக்கிற பெரியத்தானுக்கு மட்டும் உங்களிலை கோபம். கல்யாணத்திலை கண்டால் ஏசுவார், பேசாமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கோ.”

“நீர் பிறகு பாப்பம் எண்டு...”

“பாத்திட்டன்தானே. ஏறுங்கோ பின்னாலை. ஒரு பக்கமா இருங்கோ, இல்லாட்டில் கால் சில்லுக்குள்ளை போகும்.”

ஏறினார். கடற்கரை வீதியால் சுபோதினி உழக்கினாள். கடல்காற்று அவருடைய மிச்ச மயிரைப் பறக்கவிட்டது. நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வெட்கப்பட வேண்டும் என்று நமசிவாயத்துக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. சரி, அவளும் வரட்டும். அவள் ஒரு சைக்கிள், நான் ஒரு சைக்கிள். அவள் எப்படியும் வேகமாக முன்னே போய்விடுவாள். பின்னால் நான், திராட்சை, அந்தக் குருவி. திட்டம் முழுதாகச் சாகவில்லை.

“கஜன் சைக்கிளும் பிடிச்சிட்டான்,” என்றாள் அவள் முன்னாலிருந்து. “உங்களைத் தனிச் சைக்கிளிலை விட்டால் தோட்டக்காரன் நட்டஈடு கேப்பான். அதாலை ரெண்டு பேரும் உழக்கிற ஒரு நீட்டுச் சைக்கிள். முன்னுக்கு நான், பின்னுக்கு நீங்கள். எவ்வளவு நல்லம் பாருங்கோ! பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை, வயலினும் இல்லை. ஒரு கிழமையும் நான் சொல்லுறது ஒண்டும் தவறாமல் உங்களுக்குக் கேக்கும்.”

வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, நமசிவாயம் பாரிஸுக்கு ஃபோன் அடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி கஜன், அந்த நீட்டுச் சைக்கிளிலை பின்னுக்கு இருக்கிற ஆளுக்குப் பிரேக் இருக்கோ?”

“இல்லை அத்தான், அது முன்னுக்கு.”

“திருப்பிறது?”

“அதுவும் முன்னுக்குத்தான்.”

“பெல்லாவது?”

“பின்னுக்கு உழக்கிற வேலை மட்டும்தான், அத்தான்.”