சித்தி வாசித்த குடைக் காட்சி

"சித்தி, குடை பறக்கிற சீனை வெட்டிட்டேன்."

கீபோர்டின் மேல் சித்தியின் விரல்கள் அப்படியே நின்றன. அந்தக் குடைக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பாவம், இப்போதுதான் ஒரு மெட்டைப் பிடித்திருந்தாள்.

"அடிப்பாவி! படத்துல அது ஒண்ணுதானேடி சிரிப்பா இருந்துச்சு?"

"நீளமா தெரிஞ்சுது சித்தி."

அக்கா மகள் கல்லூரியில் சினிமா படிக்கிறாள். கடைசி வருஷத் தேர்வுக்கு ஆறு நிமிஷத்தில் ஒரு மௌனப் படம். வசனம் கிடையாது, திரையிடும்போது சித்தி நேரிலேயே வாசிக்க வேண்டும். அரங்கம் சிரித்தால் பாஸ். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். வீட்டில் போட்டுக் காட்டியபோது அக்கா கொட்டாவிதான் விட்டாள்.

சித்தி மெட்டைச் சுருக்கினாள். மறுநாள் குடை திரும்பி வந்தது; சேற்றில் விழுகிறவரைக் காணோம். மெட்டை மாற்றினாள். அதற்கடுத்த நாள் குடை, சேறு இரண்டுமே வந்தன, வரிசை மாறி.

"இனிமே கத்தரிக்கோலைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

"கத்தரிக்கோலா? இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் சித்தி வெட்டுறோம்."

"அப்போ அதையும் ஒடிப்பேன்!"

படத்தைப் பார்த்து வாசித்தால்தானே இந்தக் குழப்பம்? எந்த விநாடியில் யார் விழுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கீபோர்டில் ஒட்டினாள் சித்தி. நேரம் பிசகாமலிருக்கப் பெரிய ஹெட்போன் மாட்டி, அதில் டிக் டிக்கென்று தாளத்தை ஓடவிட்டாள். இனி அந்த டிக் டிக்கும் தன் வாசிப்பும் தவிர இடி விழுந்தாலும் கேட்காது.

திரையிடும் நாள் மேடையின் முன்பக்கம் இடமில்லை என்று, கீபோர்டை அரங்க ஸ்பீக்கரில் இணைத்து, அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

"லைட் அணைஞ்சதும் ஆரம்பிச்சிடு சித்தி," என்று சொல்லிவிட்டு, நகத்தைக் கடித்தபடி ஓடினாள் அக்கா மகள்.

விளக்கு அணைந்தது. சித்தி தொடங்கினாள். தாளில் குடை பறந்தது, விரல்களும் பறந்தன. சேற்றில் 'தொப்'பென்று ஒரு அடி. சிரிப்பில் மேடைப் பலகை அதிர்வது அவள் பாதத்திலேயே தெரிந்தது! உச்சி குளிர்ந்துபோய், தாளில் இல்லாத ரெண்டு சறுக்கல்களையும் சேர்த்து வாசித்தாள்.

முடித்து ஹெட்போனைக் கழற்றினால், கைதட்டல் காதைப் பிளந்தது. திரை இழுப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, படம் பாஸாயிடுமா?"

"படத்தை இனிமேதாம்மா போடணும். இவ்வளவு நேரம் ஹாலை இருட்டாக்கி, பிரின்சிபால் மேல மட்டும் லைட் அடிச்சு, அவரு வரவேற்புரை நடந்துச்சு! அவருக்கே சிரிப்பு தாங்கல, நன்றியுரைக்கும் உங்களையே வாசிக்கச் சொல்றாரு."