ஏசத் தெரியாத பெட்டி

காசு கொடுத்து ஏச்சு வாங்குவதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய மனிதர், ஜொகூர் முழுக்கத் தேடினாலும் எங்கள் மண்டோர் அண்ணன் ஒருவர்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவர் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். "கண்ணு பொடனியிலயாடா இருக்கு?" என்று தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் கணக்காக ஏசியே வேலை வாங்குவார். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதே மனிதர் காரில் ஏறிவிட்டால் பெட்டிப்பாம்பு. பக்கத்தில் அண்ணி. "சிக்னல் போடுங்க. எங்க பாக்குறீங்க? அந்த ரோட்டுல திரும்பச் சொன்னேன்ல?" வீடு வந்து சேரும்வரை ஓயாது. அண்ணி காட்டும் வழி பாதி நேரம் தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

மகள் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகருக்குப் போன அண்ணி, பேரப்பிள்ளையை விட்டுவர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். காருக்குள் சத்தம் அடங்கியது. அண்ணனுக்கு அது தாங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு, வழி சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி வாங்கக் கிளம்பினார்.

"போன்லயே வழி காட்டுமே, அண்ணே?"

"போன்ல உங்க அண்ணி கூப்பிடுவா, தம்பி. அது சும்மா இருக்கணும் லா."

கடை முதலாளியான தவுக்கே திரை, வரைபடம் என்று அடுக்கிய எதையும் அண்ணன் காதில் வாங்கவில்லை. பெட்டியைக் காரில் ஒட்டச் சொல்லி, கிளம்பிய கையோடு வேண்டுமென்றே தப்பாகத் திரும்பினார். பெட்டிக்குள் இருந்த பெண் கோபமே இல்லாமல் வேறு வழி சொன்னாள். மறுபடியும் தப்பாகத் திரும்பினார். மறுபடியும் அதே பதவிசு. பின்சீட்டில் இருந்த தவுக்கேக்குத்தான் வேர்த்தது.

"ஒரு வார்த்தை ஏச மாட்டேங்குறாளே, தம்பி. இவளை நம்பி எப்படிப் போறது?"

அடுத்த கடையில் மாண்டரின் குரல். புரியாததால் ஏசுகிறாள் என்றே நினைத்து இரண்டு தெரு சந்தோஷமாக ஓட்டினார். கடைக்காரர் அர்த்தம் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்.

கடைசியில் மனசில்லாமல் ஒன்றை வாங்கினார். ஆசை விடவில்லை. சிம்பாங் ரெங்கம் போகவேண்டிய நாங்கள், அவர் திரும்பிய திருப்பத்தில் லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் போய் நின்றோம். அப்போது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"லாயாங் லாயாங்."

"அங்க என்ன வேலை உங்களுக்கு? நான் இல்லைன்னா இப்படித்தானா? திருப்புங்க காரை."

அண்ணன் காரைத் திருப்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியா, தம்பி? அங்க இருந்து ஏசுறா." பெட்டியைப் பிடுங்கி என் மடியில் வைத்தார். "இதை நீயே வச்சிக்க. நான் போறேன்."

வேலையை விட்டுவிட்டு பெர்த்துக்கே போய்விட்டார். இப்போது அங்கே தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டு சுகமாக இருப்பதாகக் கேள்வி.

பெட்டி என் காரில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும்போது சில நாள் நானும் வேண்டுமென்றே தப்பாகத் திரும்பிப் பார்க்கிறேன். அவள் பதவிசாக வேறு வழி சொல்கிறாள். கண்ணு பொடனியிலயா இருக்கு என்று கேட்கத்தான் ஆளில்லை.