வெளிநடப்பாரைச் சமாதானப்படுத்தப் போனவர்கள்

மக்களாட்சி தோன்றிய நாள்முதல், தாம் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியதைக் கண்டித்து வெளிநடப்புச் செய்த ஒரே உறுப்பினர் எங்கள் வெளிநடப்பாராகத்தான் இருக்க முடியும். தம் வார்டுக்குத் தெருவிளக்கு வேண்டுமென்று கேட்டார். மன்றம் ஒருமனதாக ஒப்புக்கொண்டது. உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எதிர்த்துப் பேச ஒருத்தருக்குக் கூட வாய் வரலையா? அப்ப என்னை ஒரு ஆளாவே மதிக்கல, அதானே?"

போய்விட்டார்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சிறிய பேரூராட்சி ஒன்றில், ஊரின் முதன்மைத் தேவைகளைக் கண்டறிந்து மன்றத்துக்கு எடுத்துச் சொல்ல ஒரு தொண்டு நிறுவனம் என்னை அமர்த்தியிருந்தது. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு வந்திருந்தேன். பின்விளைவுகளை ஆராயாமல் எதையும் சொல்வதில்லை என்பது என் கொள்கை. ஆகவே நான் சொல்லி முடிப்பதற்குள் பெரும்பாலும் கூட்டம் முடிந்துவிடும்.

வெளிநடப்பாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், வாக்குச்சீட்டில் அச்சடித்திருப்பார்களே. ஆனால் ஊரில் அதை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. மின்விசிறி தலைவர் பக்கமே திரும்புகிறது என்று வெளிநடந்தார். வடை ஆறிவிட்டது என்று வெளிநடந்தார். இரங்கல் தீர்மானத்தில், இறந்தவரைத் தம்மைவிட அதிகமாகப் புகழ்ந்துவிட்டார்கள் என்று வெளிநடந்தார்.

அவர் போவது எதிரிலிருந்த டீக்கடை வரைதான். அதற்கென்று மன்றத்தில் ஒரு மரபும் உருவாகியிருந்தது. யாருடைய சொல்லால் அவர் புண்பட்டாரோ அவரே, தம் பக்கத்து ஆட்கள் இருவருடன் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்துவர வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த விதியை மட்டும் எல்லாக் கட்சியினரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

அப்போது ஊர் வேகமாக வீங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேரி போகும் கார்களும் வேன்களும் சனி, ஞாயிறுகளில் வரிசையாக நின்றன. உப்புக் குவியலில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இளநீர் குடித்துக் கூட்டைச் சாலையில் போட்டார்கள். வரும் விருந்தினருக்கு ஊர் என்ன செய்யலாம் என்று தலைவர் யோசித்து, நுழைவாயிலில் இரண்டு டால்பின்கள் முத்தமிடும் வளைவு ஒன்று கட்டுவதென முடிவெடுத்தார்.

உப்பளத்தை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவேண்டும் என்பது என் அறிக்கை. உப்பளத்தில் வேலை பார்க்கும் செல்வி அக்கா சொன்ன ஒரு பதிலே அதற்குக் காரணம். "காலையில வீட்டைவிட்டுக் கிளம்பினா தண்ணியே குடிக்கிறதில்லம்மா. சுத்தி வெட்டவெளி. குடிச்சுட்டு எங்க போறது?" அந்த வெயிலில், உப்பின் மேல் நின்று வேலை செய்கிறவர் சொன்னது இது. நிதி ஒன்றுக்குத்தான் இருந்தது: டால்பின் அல்லது செல்வி அக்கா.

கூட்டத்தன்று வளைவுக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அந்த ஒரு வாக்கு வெளிநடப்பாருடையது. அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

"டால்பினு நம்ம கடல்ல இருக்குதாங்க?" என்று நிதானமாகக் கேட்டார்.

"அழகுக்கு வைக்கிறதுய்யா. உனக்கு என்ன தெரியும், உக்காரு" என்றார் தலைவர்.

துண்டு உதறப்பட்டது.

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். வாக்கும் வேண்டும், மரபும் இருக்கிறது. துணைத் தலைவரான அம்மையாரிடம், "நீங்க அடுத்த சப்ஜெக்ட்டைப் பாத்துட்டு இருங்கம்மா, இதோ கூட்டியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தம் ஆட்கள் இருவருடன் டீக்கடைக்கு விரைந்தார்.

அங்கே அவர் இல்லை. சாலையைக் கடந்து உப்பளத்து வரப்பில் போய்க்கொண்டிருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மூவரும் பின்தொடர்ந்ததை நாங்கள் சன்னல் வழியே பார்த்தோம். "அண்ணே! நில்லுங்கண்ணே!" என்ற குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. வழுக்கும் வரப்பில் தலைவர் ஒரு காலைப் பாத்திக்குள் விட்டார். அளத்துப் பெண்கள் வாரிய உப்பை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த சப்ஜெக்ட் கழிப்பறை. அம்மையார் ஒரு கணம் சன்னலைப் பார்த்தார், ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். வளைவுக்காரர்களில் மூவர் குறைந்திருந்த அவையில் தீர்மானம் நிறைவேறியது. நிதியும் அத்துடன் தீர்ந்தது.

முழங்கால்வரை உப்புநீர் காய்ந்து வெளுத்த தலைவர், வெளிநடப்பாரின் கையைப் பிடித்து மாப்பிள்ளைபோல் அழைத்துவந்தபோது நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். செய்தி கேட்டதும் தலைவர் அலறினார்.

"யோவ், கவுத்துட்டியேய்யா!"

"நான் என்னங்க பண்ணேன்? கோவிச்சுக்கிட்டேன். பின்னாடியே ஓடியாரச் சொன்னது யாரு?"

'யோவ்' என்ற சொல்லைக் கண்டித்து மீண்டும் வெளிநடந்தார். இம்முறை யாரும் பின்னால் போகவில்லை.

மறுநாள் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, வேணும்னேதானே பண்ணீங்க?"

"கோவத்துல ஏதும்மா பிளானு? டீக்கடைக்குத்தான் கிளம்புனேன். கால் பாட்டுக்கு அளத்துப் பக்கம் போயிடுச்சு." தேநீரை ஊதிக் குடித்தார். "சும்மா சொல்லக்கூடாது, தலைவரு நல்லாத்தான் நடக்கறாரு."

கட்டடம் எழுந்தது. பூட்டாமல் திறந்து வைக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருவது நின்றுவிடக்கூடாது என்று அதன் பின்விளைவுகளை நான் தனியே எழுதிக் கொடுத்தேன். திறப்பு விழாவில் தலைவரே நல்ல மனத்தோடு வெளிநடப்பாருக்குச் சால்வை போர்த்த வந்தார். "கக்கூசு தொறக்கிறதுக்கு எதுக்குங்க சால்வை? கிண்டலா?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

முதலில் உள்ளே போய்விட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு வெளியே வந்த செல்வி அக்கா, வெயிலில் தூரமாகப் போகும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த மனுசனுக்குக் கோவம் மட்டும் கொறையவே கூடாதும்மா."

ஒருவருடைய கோபம் நெடுநாள் நீடிக்க வேண்டுமென்று நான் மனமார வேண்டிக்கொண்டது, வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.