உடுவிலில் பாலன் மூன்று தரம் பிறந்தார்

நடனம் படிப்பிக்கிறவர்கள் எதையும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. (நான் அப்படிச் சொல்லிக்கொடுத்தவள். அதனால்தான் புத்தி சொல்கிறேன்.)

அச்சுவேலியில் சைவக் குடும்பத்தில் பிறந்து, உடுவிலில் ஒரு போதகர் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். என் நடன வகுப்பை ஆலய மண்டபத்தில் நடத்த மாமாவிடம் அனுமதி கேட்டேன். பரதம் சைவக் கோயிலுக்குரியது என்பது அவருடைய எண்ணம். நத்தார் ஒளிவிழாவில் என் பிள்ளைகள் இயேசு பாலன் பிறப்பை ஆடிக் காட்டட்டும், சபையார் முகம் சுளிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார். மண்டபம் கிடக்கட்டும், அவர் என்னை வீட்டு மனுசியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஏக்கம்.

என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. பிழை விட்டவள் தானே நின்று, என்ன பிழை என்று சொல்லி, திருப்பி ஆட வேண்டும். பிள்ளைகள் கெட்டிக்காரிகள், பிடித்துக்கொண்டார்கள். மேடையில் மட்டும் அப்படி நிற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. (அதையும் சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டேன்.)

ஒளிவிழாவன்று மண்டபம் நிறையச் சனம். மாமா முன்வரிசையில் இருந்தார். பாலன் பிறந்த கையோடு, மரியாளாக ஆடிய எஸ்தர் நின்றாள். பொம்மைப் பாலனை நிலத்தில் கிடத்தினாள்.

"ரீச்சர், கண் கையோடை போகேல்லை. திருப்பி ஆடுறன்."

பாலன் மறுபடி பிறந்தார். உடனே தேவதூதி நின்று, தன் முழங்கால் மடியவில்லை என்று சபைக்கு அறிவித்தாள். பாலன் மூன்றாம் தரமும் பிறந்தார். இன்னொருத்தி நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தாளம் போடும் தட்டுக்கழியை விரட்டினேன். எஸ்தர் திரும்பவும் நின்றாள்.

"ரீச்சர், இது எங்கடை பிழையில்லை. நீங்கள்தான் தாளத்தை ஓட்டுறியள்."

மாமாவின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் சட்டம் போட்டவள் நான். எழுந்து நின்று, "ஓம், ஓட்டிப்போட்டன். ஓட்டின இடத்திலையிருந்து திருப்பிப் பிடிக்கிறன்" என்றேன்.

பிறகு ஒருத்தியும் நிற்கவில்லை. சனம் கைதட்டியது. மாமா தட்டவில்லை. எழுந்து எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல் ஜெபம் பண்ணினார். மாமிக்காக, மகனுக்காக, கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளுக்காக மன்றாடி ஆமென் சொன்னார். நாங்கள் புட்டில் கை வைத்தோம். மாமா கையமர்த்தினார்.

"ஆண்டவரே, பிழை விட்டிட்டன். மருமகளின்ரை பேரைச் சொல்லேல்லை. திருப்பித் தொடங்குறன்."

முதலிலிருந்து தொடங்கினார். நான் கண்ணை மூடியபடியே அழுதேன். மண்டபமும் கிடைத்தது.

இப்போது ஜெபத்தில் வீட்டுப் பூனையை மறந்தாலும் மாமா முதலிலிருந்து தொடங்குகிறார். என்னைக் கட்டிய நாளிலிருந்து தான் சூடான புட்டே சாப்பிட்டதில்லை என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார்.