ஆளைத் தெரிந்துகொள்ளும் கார்

பதுளையிலிருந்து ஹாலிஎல போகிற வழியில், பழைய கார்கள் விற்கும் கார் சேல் ஒன்றில் அன்று தேர்த் திருவிழாக் கூட்டம். கார் பார்க்க அல்ல, காரின் கண்ணில் பட! அங்கே வாகனச் சித்தர் என்று ஒருவர் எழுந்தருளியிருந்தார். எந்தக் கார் யாருக்கு விதிக்கப்பட்டது என்று காரையே சொல்ல வைப்பாராம்.

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் முனகாமல் ஏறினாலே அது நல்ல கார். பிறகு ரேடியோ கேட்டார்கள். அப்புறம் ஏசி, பின்பக்கம் காட்டும் கேமரா. இப்போதோ கார் ஆளைப் பார்த்ததும் வரவேற்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்து ரஜீவ் மாஸ்டருக்கும் அந்த ஆசைதான். வெள்ளைக் கார் ஒன்றின்மேல் கண் வைத்து, முற்பணத்தோடும் மனைவி துஷாந்தினியோடும் வந்திருந்தார்.

சித்தர் அவர் தோளில் கை போட்டுக் காரருகே நடத்திப் போனார். மடிந்திருந்த பக்கக் கண்ணாடிகள் மெல்ல விரிந்தன. விளக்குகள் கண் சிமிட்டின. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாஸ்டர் காருக்குத் திருப்பி ஒரு கும்பிடு போட்டார். இத்தனை வருஷமாக வகுப்புக்குள் நுழைகிறார், ஒரு பிள்ளைகூட இப்படி வரவேற்றதில்லை. ஓட்டிப் பார்க்கவே வேண்டாம் என்றுவிட்டார்.

சித்தர் மாஸ்டரோடு நாற்காலிக்குத் திரும்பியதும் கண்ணாடிகள் மறுபடி மடிந்தன. துஷாந்தினி அதைக் கவனித்தாள். சற்று முன் பேரம் பேசிய ஒருவருக்கு இதே கார் அசையவில்லை. அப்போது சித்தரும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சாமி, நீங்க இங்கயே உக்காந்திருங்க. இவரு மட்டும் போகட்டும்," என்றாள்.

மாஸ்டர் போனார். காரைப் பார்த்துச் சிரித்துக்கூடப் பார்த்தார். கார் கல்லாக நின்றது.

கிரகம் கொஞ்சம் விலகிவிட்டதாகச் சித்தர் சமாளித்தார். துஷாந்தினி கணவரைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டாள். காரிடம் தானே பேசுவதாகச் சித்தர் எழுந்து போனார். அந்த நேரம் காரை ஒட்டி ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிகள் விரிந்தன. விளக்குகள் சிமிட்டின.

"அப்ப இது ஆட்டுக்கு விதிச்ச காருங்களா சாமி?" என்று கேட்டாள் துஷாந்தினி.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கார்ச் சாவியைக் கொஞ்சம் காட்டச் சொல்லி அவள் சேல் முதலாளியிடம் கேட்டாள். அவர் ஆபீஸ் பக்கம் போகவில்லை, சித்தரின் இடுப்பைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். காவி வேட்டி மடிப்பிலிருந்து சாவி வெளியே வந்தது. அது கிட்டே வந்தால் கண்ணாடி விரியும், விலகினால் மடியும். சித்தரின் தவம் அவ்வளவுதான்.

முற்பணம் மாஸ்டரின் சட்டைப் பையிலேயே தங்கியது. எதற்கும் ஓட்டிப் பார்ப்போம் என்றாள் துஷாந்தினி. வெள்ளைக் கார் முதல் ஏற்றத்திலேயே புகை விட்டு நின்றுவிட்டது.

அடுத்து, தானாகவே யோசிக்கிற கார் வரப்போகிறதாம். வரட்டும். அதுவரைக்குமாவது வாங்குகிறவர்கள் யோசிக்கலாமே.