தெரிந்ததா, நம்பியதா?

"ஜான் செத்துட்டான்னு ஒருத்தன் வாய்க்கு வந்தபடி பொய் சொல்றான். கேட்டவரு நம்பிடறாரு. ஆனா நெசமாவே அன்னிக்கு ஜான் செத்துட்டான். இப்பச் சொல்லுங்க, கேட்டவருக்கு அது தெரியும்னு சொல்லலாமா, சும்மா நம்புறாருன்னு சொல்லணுமா?"

பரமத்தி வேலூரில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சௌமியாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஜான் எந்த ஊருங்க?" என்றாள் கோகிலவாணி.

'தெரியும்' என்பதை எந்த நாட்டினர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே எல்லோரும் பட்டென்று பதில் சொல்லிவிட்டார்களாம். இங்கே ஜானின் ஊரைத் தாண்டவே முடியவில்லை. இன்றும் பதில் வராவிட்டால், அதற்காகக் கேள்வி கேட்டுவரும் சௌமியாவின் தற்காலிக வேலை போய்விடும்.

"சரிங்க, ஜான் வேண்டாம். சேந்தமங்கலம் காத்தான்னு வெச்சுக்குங்க. அவரு செத்துட்டாருன்னு..."

ஓரத்தில் இருந்த முத்தாயம்மாள் வெற்றிலைக் கட்டைக் கீழே போட்டாள். "ஐயோ, என்ற தம்பி."

பாழாய்ப்போன வாய். ஊரில் வேறு பேரா இல்லை?

"அக்கா, இது வெறும் கதைங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்க."

"எழவுச் சேதியை மொதல்ல அப்படித்தான் சாமி சொல்லுவாங்க," என்றாள் கோகிலவாணி.

சௌமியா மறுக்க மறுக்கச் சாவு உறுதியாகிக்கொண்டே போனது. நம்பர் தேடிப் போன் போட்டார்கள். அடித்து ஓய்ந்தது. கோகிலவாணி மாலை வாங்கி வந்தாள். வரப்புத் தகராறில் தம்பியோடு பேசாமல் போன வருடங்களைச் சொல்லிச் சொல்லி முத்தாயம்மாள் அழுதாள்.

தம்பியை நேரில் காட்டிவிடலாம் என்று சௌமியா வாடகைக் கார் பிடித்து முத்தாயம்மாளை ஏற்றிக்கொண்டாள். நாமக்கல் தாண்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா மேல சத்தியமுங்க, அவரு நல்லா இருக்காரு."

முத்தாயம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலையை ஜன்னல் வழியே எறிந்தாள்.

"அப்படின்னா இன்னிக்கே அவங்கிட்டப் பேசிப்புடறேன் சாமி."

வண்டியை நிறுத்தி ஒரு சீப்புப் பூவன்பழம் வாங்கினாள். மீதி வழியெல்லாம் தம்பியின் சின்ன வயசுச் சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தாள். வேலை போனால் போகட்டும் என்றுகூடச் சௌமியாவுக்குத் தோன்றியது.

சேந்தமங்கலத்தில் காத்தானின் மகள் அனிதா வாசலுக்கு ஓடிவந்து முத்தாயம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாவை இப்பத்தானுங்க அத்தை ஆஸ்பத்திரியில இருந்து பொணமாக் கொண்டாந்தோம். இன்னும் ஒருத்தருக்கும் சொல்லலை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"